கண் ஆஸ்பத்திரிக்குப் போன நாள்

பகவதி தன் ஐம்பத்தொரு வயதுக்குள் சொன்ன பொய்களை எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். போக மனமில்லாத கல்யாண வீட்டுக்குக் காய்ச்சல் என்று சொன்னது, மகள் ஆதிரா உடைத்த கண்ணாடி டம்ளரைப் பூனை தள்ளிவிட்டது என்று சொன்னது, இப்படிச் சொன்ன மறுநாளே மறந்துபோகிறவைதான் எல்லாம். ஒரே ஒரு பொய்க்கு மட்டும் அவள் மூன்று வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டாள்.

தாழக்குடியில் அவர்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் வயல். வயல் முடிகிற இடத்தில் மலை. கல்யாணமாகி வந்த நாள் முதல், துணி துவைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த மலை அவள் கண்முன்னால்தான் நின்றது. ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை. அவளுக்கு அப்போது நடக்க வேறு இடம் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருஷம் கிளார்க் வேலை. வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு இருபது நிமிஷம் நடக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் போகிற டீச்சர்கள் கையைக் காட்டிக் கூப்பிட்டாலும் ஏற மாட்டாள். வேகமாக நடப்பாள். யாரும் எதுவும் கேட்காத இருபது நிமிஷம் அது.

கணவர் நாகேந்திரன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். வலது கையும் வலது காலும் அன்றோடு போயின. பேச்சும் போய், எட்டு மாதம் கழித்துக் கொஞ்சம் குழறலோடு திரும்பி வந்தது. பகவதி வேலையை விட்டாள். எழுப்பி உட்கார வைப்பது, வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போவது, ஒன்றுவிட்டு ஒருநாள் சவரம் செய்துவிடுவது, காலையில் பேப்பரை வாசித்துக் காட்டுவது, வேளைக்கு வேளை மாத்திரை. ஆதிரா பெங்களூரில் இருந்துகொண்டு சாயங்காலம் போனில் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிடுவாள்.

ஊரில் பகவதிக்கு நல்ல பெயர். கோயிலில் பார்த்தால் பார்த்த இடத்தில் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ஒன்ன மாதிரி ஒருத்தி கெடைக்கதுக்கு நாகேந்திரன் குடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். முதல் இரண்டு வருஷம் அது கேட்க இதமாக இருந்தது. பிறகு அதைக் கேட்டாலே சட்டென்று வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் போல இருக்கும். வெளியில் வந்து பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

போன மார்கழியில் அவளுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். மத்தியானம் நாகேந்திரன் கண்ணசரும் நேரம் கேட்டிலிருந்து கிணற்றடி வரை, கிணற்றடியிலிருந்து கேட் வரை நடந்தாள். அந்த நாட்களில்தான் பழைய பள்ளிக்கூட ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். பொன்முடி மலை. புல் மூடிய குன்றின் முதுகில் ஒற்றையடிப் பாதை. அதில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். அவ்வளவுதான், அரை நிமிஷம். பகவதி அதைக் கிணற்றடியில் நின்று பலமுறை பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை. பை கூட இல்லை.

வீட்டில் கார் உண்டு, ஓட்ட ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரணியலிலிருந்து ரசலையன் வருவான். சொந்தக் கார் இருக்கிறவர்களுக்கு அன்றன்று வந்து ஓட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற ஆக்டிங் டிரைவர். ஆறு வருஷப் பழக்கம். பகவதி அவனைக் கிணற்றடியிலிருந்தே போனில் கூப்பிட்டாள்.

"ரசலையா, பொன்முடிக்கு ஒரே நாள்ல போயிட்டு வந்திரலாமா?"

"தாராளமா போலாம் அக்கா. சாரும் வாறாவளா?"

"இல்ல. நான் மட்டும்."

"ஒத்தையிலயா போறிய?"

"ஒத்தையிலதான். சாருக்குத் தெரியண்டாம்."

"செரி அக்கா. நான் ஒண்ணும் கேக்கவும் இல்ல, சொல்லவும் மாட்டேன். ஆனா ஞாயித்துக்கெழம வேண்டாம், கூட்டம் நெருக்கியடிக்கும். புதன்கெழம பாப்போம். காலம்பற அஞ்சரைக்கு வண்டிய எடுக்கணும். நெய்யாற்றின்கர தாண்டி காட்டாக்கட வழியா கேறிருவேன், திருவனந்தபுரத்துக்குள்ள போண்டாம். ஒம்பது மணிக்கு விதுர. அங்கேருந்து கல்லாறு, பொறவு இருவத்திரெண்டு வளைவு. மூணு மணிக்கு மேல அங்க நிக்கப்படாது, மஞ்சு எறங்கிட்டுன்னா முன்னால போற வண்டி கூடத் தெரியாது."

அவன் வழி சொல்லச் சொல்ல பகவதிக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. சாரும் வருகிறாரா என்று அவன் கேட்டது மட்டும் காதிலேயே நின்றது. அதை அவள் யோசிக்காமலில்லை. வீடியோவைப் பார்த்த அன்றைக்கே யோசித்தாள். யோசித்த வேகத்தில் ஒதுக்கியும் வைத்தாள்.

ஒருநாள் முழுக்க வீட்டை விட்டுப் போக ஒரு காரணம் வேண்டும். கண் ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தாள். திருவனந்தபுரத்தில் சொட்டு மருந்து விட்டு மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள், சாயங்காலம்தான் விடுவார்கள், போனும் எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பொய்.

"கண்ணா?" என்றார் நாகேந்திரன். "எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளாத்தான். ஊசியில நூல் கோக்க முடியல. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது."

ரெண்டு ரெண்டாக என்றது அந்த நேரத்தில் வாயில் வந்தது. மறுநாள் காலை பேப்பர் வாசிக்கும்போது அந்த வார்த்தை வந்து கழுத்தைப் பிடித்தது. சரளமாக வாசித்தால் பொய் வெளியே வந்துவிடும். வேண்டுமென்றே ஒரு வரியில் தடுமாறினாள். நாகேந்திரன் இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சின்ன எழுத்த வாசிக்காத. தலைப்பு மட்டும் வாசி, போதும்."

அன்றிலிருந்து தலைப்பு மட்டும்தான். நாள் முழுக்கக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாகக் கிடக்கிற மனிதருக்கு உலகத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரே விஷயம் அந்த அரை மணி நேரப் பேப்பர். அதையும் அவளுக்காகச் சுருக்கிக்கொண்டார். மூன்று வாரமும் பகவதி தலைப்புகளை வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள். செய்தி முழுவதையும் அடுக்களையில் நின்று தான் மட்டும் வாசித்தாள்.

விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். ஆனால் திட்டம் ஒருபக்கம் தானாக வளர்ந்துகொண்டே போனது. காலில் போடக் கான்வாஸ் ஷூ வாங்கி வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்தாள். அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்தாள். ஜின்சி, குளச்சல் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். எங்கே போகிறேன் என்று அவளிடம் மறைக்க முடியவில்லை. அவசரம் என்றால் ரசலையனுக்குத்தான் கூப்பிட வேண்டும், எவ்வளவு தூரத்தில் இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமே.

"ஆன்ட்டி, மாமா கேட்டா நானும் கண் ஆஸ்பத்திரின்னா சொல்லணும்?" என்றாள் ஜின்சி.

"கேக்க மாட்டாரு."

"கேட்டா?"

"கேட்டா சொல்லு."

ஜின்சி சிலுவை போட்டுக்கொண்டாள். "குருசடியில போயி ஒரு மெழுகுதிரி கொளுத்திருவேன், கேட்டியளா. உங்களுக்கும் சேத்து."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பகவதியால் சிரிக்க முடியவில்லை. ஒரு பொய்க்குள் இரண்டு பேரை இழுத்துவிட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை உள்ளித் தீயல், அவியல், பருப்பு, பப்படம் என்று சமைத்து வைத்தாள். "என்ன விசேஷம்?" என்று நாகேந்திரன் பாதிச் சிரிப்போடு கேட்டார். அவர் முகத்தில் இடது பாதிக்கு மட்டும்தான் சிரிப்பு வரும்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு ரசலையன் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். நாகேந்திரன் விழித்திருந்தார். பகவதி குனிந்து போர்வையைச் சரிசெய்தபோது அவள் கையைப் பிடித்தார்.

"கண்ணு காரியமாக்கும். அவசரப்பட்டு வந்திராத. என்னப் பத்தி நெனைக்காத. நல்லா பாத்துட்டு வா."

நல்லா பாத்துட்டு வா. தக்கலை வரும்வரை பகவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். குழித்துறைப் பாலத்தில் ஆற்றின்மேல் வெயில் விழத் தொடங்கியிருந்தது. திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது. களியக்காவிளையிலும் அப்படித்தான். நெய்யாற்றின்கரையிலும். விதுரையில் டீ குடிக்க நிறுத்தியபோது ரசலையன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தலசுத்துதா அக்கா? எலுமிச்சம்பழம் மோந்துக்கிடுங்க" என்றான். கல்லாற்றில் வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டி முதல் வளைவு வந்தது. அவள் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். பதினான்கில் எண்ணிக்கை விட்டுப்போனது. வெளியே பார்த்துக்கொண்டிருந்ததில் விட்டுப்போனது.

மேலே ரசலையன் வண்டியை நிழலில் போட்டுவிட்டு சீட்டைச் சாய்த்தான். "நான் இங்கதான் கெடப்பேன். நீங்க நிதானமா நடந்துட்டு வாங்க."

பாதை புல்லுக்குள் ஏறியது. காற்று சேலையை இழுத்தது. பகவதி பத்தடி நடந்ததும் நின்றாள். கால் சரியாக வரவில்லை. வலி ஒன்றுமில்லை. அடி சிறியதாக விழுந்தது. இடது கால் வைத்து, ஒரு நொடி நின்று, பிறகு வலது கால். வாக்கர் வைத்து நடக்கிற நாகேந்திரனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் நடந்த நடை அது. கடைக்குப் போகும்போதும் இப்படித்தான் நடக்கிறோமா என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மறுபடி நடந்தாள். கொஞ்சம் அகட்டி வைத்தாள். இன்னும் கொஞ்சம். குன்றின் பாதி ஏறுவதற்குள் வடசேரி நடை திரும்பிவிட்டது. மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, கழுத்தில் வேர்வை வழிந்து காற்றில் காய்ந்தது. உச்சியில் நின்றபோது நாலு பக்கமும் மலைக்குப் பின்னால் மலை. தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது அவள் காதுக்கே பிறகுதான் கேட்டது.

அங்கிருந்து அடுத்த குன்று. இறங்கி, ஏறி, ஒரு பாறையில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைத் தின்றாள். ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாகச் சாப்பிட்டாள். ஒன்றும் நினைக்கவில்லை. மேகத்தின் நிழல் எதிர்ச் சரிவில் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடியில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை, அங்கே சிக்னலே இல்லை. அலாரம். ஒரு மணி மாத்திரைக்குத் தினமும் அடிக்கிற அலாரம்.

பதினான்காவது வளைவிலிருந்து இந்த நிமிஷம் வரை அவர் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை என்று பகவதிக்கு அப்போது தெரிந்தது. வருத்தத்தோடு மறக்கவில்லை, போராடி மறக்கவில்லை. அப்படி ஒரு மனிதரே இல்லாததுபோல மூன்று மணி நேரம் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். நடக்க முடியாத மனிதரைப் படுக்கையில் விட்டுவிட்டு, நடப்பதற்கென்றே இவ்வளவு தூரம் வந்து, அவரை மறந்தும் போயிருக்கிறாள். அலாரத்தை அணைத்தாள். மீதி இரண்டு சுளையைப் பாறையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

இறங்கி வந்தபோது ரசலையன் விழித்து உட்கார்ந்திருந்தான். அவள் முகம் போனபோது இருந்தது போலில்லை என்று அவனுக்கும் தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தானோ என்னவோ, வண்டியை எடுக்கும்போது சொன்னான்.

"சாரையும் ஒருக்கா கூட்டிட்டு வரணும் அக்கா. முன் சீட்டச் சாய்ச்சுப் போட்டா சொகமா இருந்துட்டு வருவாவ. போன மாசம் ஒரு ஆளக் கொண்டு வந்தேன், ரெண்டு காலும் கெடையாது. இந்தா, இங்கதான் வண்டிக்குள்ள இருந்துட்டே ரெண்டு மணிக்கூறு பாத்தாரு."

பகவதி விதுரையில் சிக்னல் வந்ததும் ஜின்சிக்குப் போட்டாள். நூறு தடவை அவள் கூப்பிட்டிருப்பாள் என்று பயந்திருந்தாள். ஒரு அழைப்பு கூட வந்திருக்கவில்லை.

"மாமா நல்லா இருக்காவ ஆன்ட்டி. தீயல் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாவ. நீங்க மெல்ல வாங்க" என்றாள் ஜின்சி. அவள் குரலில் என்னவோ ஒரு குறும்பு இருந்தது.

இவ்வளவு குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு வந்தவள், நெய்யாற்றின்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாலையோரக் கடையில் ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கினாள். சொட்டு மருந்து விட்டவர்கள் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதானே வீட்டுக்கு வருவார்கள். ரசலையன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு இருக்கும். கட்டில் காலியாகக் கிடந்தது. "இங்க வாட்டி" என்று அடுக்களைப் பக்கமிருந்து குரல் வந்தது. நாகேந்திரன் சக்கர நாற்காலியில் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. பின்னால் ஜின்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கண்ணாடியக் கழத்து" என்றார். "கழத்திட்டுப் பாரு."

பகவதி கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நேற்றுவரை மங்கலான ஒற்றைக் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்த அடுக்களை இப்போது பகல்போல இருந்தது. மேடைக்கு மேல் நீளமாக ஒன்று, பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒன்று, இரண்டு புது டியூப் லைட்.

"இசக்கியக் கூப்பிட்டேன்" என்றார் நாகேந்திரன். இசக்கி அவரிடம் ஒரு காலத்தில் ஒயர்மேனாக இருந்தவன். "இந்த இருட்டுக்குள்ள நின்னுதான் உனக்குக் கண்ணு கெட்டிருக்கு. எனக்குல்லா தெரிஞ்சிருக்கணும்? ஊருக்கெல்லாம் வெட்டம் குடுத்தவன், வீட்டு அடுக்களைய எட்டிப் பாக்கல. எந்த இடத்துல போடணும்னு நானே நின்னு, நின்னு இல்ல, இருந்து காட்டிக் குடுத்தேன். எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"டாக்டரு என்ன சொன்னான்?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லையாம்."

அவர் கண் நிறைந்துவிட்டது. இடது கையால் துடைத்துக்கொண்டார். "பயந்தே போனேன் பகவதி. உனக்கும் கண்ணு போச்சுன்னா நாம ரெண்டு பேரும் என்ன செய்வோம்."

அன்று சொல்ல முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. காலையில் அடுக்களைக்குள் போய் ஸ்விட்சைப் போட்டால் ஈக்குச்சி கிடந்தாலும் தெரிகிற வெளிச்சம் வந்து மேலே விழும். சீரகத்தையும் சோம்பையும் பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவு வெளிச்சம். நாகேந்திரன் தினமும் கட்டிலிலிருந்து கேட்பார், "வெட்டம் போதுமா? இன்னும் ஒண்ணு போடணுமா?" பேப்பரில் தலைப்புக்கு மேல் வாசிக்க அப்போதும் விடவில்லை. கண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம்.

ஒன்பதாம் நாள் சவரம். கன்னத்தில் சோப்பு நுரை, அவர் தலை சாய்ந்திருக்கிறது, அவள் கையில் ரேசர். தாடைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் அண்ணைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகல."

ரேசரில் ஒட்டிய நுரையை விரலால் வழித்தாள்.

"பொன்முடிக்குப் போனேன். மலைக்கு. ஒத்தையில. நடக்கதுக்காக."

ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். அடுத்த கன்னத்தைத் தொடப் பயமாக இருந்தது. நாகேந்திரன் பாதி நுரையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு?"

"ஒண்ணும் இல்ல. முன்னயும் ஒண்ணும் இல்ல."

"ரசலையனுக்குத் தெரியும்."

"ம்."

"அந்தப் பிள்ளைக்கும் தெரியும்."

"ம்."

"எனக்கு மட்டும் தெரியாது."

பகவதி மீதிச் சவரத்தை முடித்தாள். துண்டால் துடைத்துவிட்டாள். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னார்.

"இசக்கிட்டச் சொல்லி அந்த லைட்டு ரெண்டையும் கழட்டச் சொல்லு."

மறுநாள் இசக்கி வந்தான். "நல்லா எரியுத லைட்ட எதுக்கு சார் கழட்டணும்?" என்று கேட்டான். நாகேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். இசக்கி பகவதியைப் பார்த்தான், அவள் தலையை ஆட்டினாள். டியூப்களைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, பழைய குண்டு பல்பைப் போட்டுவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்க நாகேந்திரன் தண்ணீர், மாத்திரை, போதும் என்கிற வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. குளியலறைக்குப் போகும்போது இடுப்பைப் பிடித்த அவள் கையை ஒருமுறை தட்டிவிட்டார். சாயங்காலம் போனில் ஆதிரா, "என்னாச்சு அப்பாவுக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, அசதி" என்றாள் பகவதி. சொன்ன பிறகுதான் அதுவும் ஒரு பொய் என்று தோன்றியது.

எட்டாம் நாள் காலை பேப்பரைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ஒரு செய்தியை முழுசாக வாசித்தாள். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவதையும் வாசித்தாள். மூன்றாவதைத் தொடங்கும்போது, "என்னக் கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்" என்றார்.

இதற்கு அவளிடம் பல பதில்கள் இருந்தன. வழி மோசம், வளைவில் உங்களுக்குத் தலைசுற்றும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும். எல்லாவற்றையும் மூன்று வாரமாகத் தனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறாள். பேப்பரை மடியில் வைத்தாள்.

"தெரியும். அதனாலதான் கூப்பிடல."

அதைவிடக் கொடுமையாக ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வந்ததைத் திருப்பி எடுக்கவும் தோன்றவில்லை. நாகேந்திரன் நெடுநேரம் அவளைப் பார்த்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. களைத்துப்போன முகமாகத்தான் இருந்தது.

"வாசி" என்றார்.

அவள் வாசித்தாள்.

மாசி கடைசியில் அவளே ரசலையனைக் கூப்பிட்டு, இந்தமுறை வீட்டுக்குள் நின்று, சத்தமாக, நாகேந்திரனுக்குக் கேட்கும்படி நாள் குறித்தாள். அவரும் மறுக்கவில்லை. முன் சீட்டைச் சாய்த்துப் போட்டார்கள். எட்டாம் வளைவில் வாந்தி எடுத்தார். திரும்பலாம் என்றதற்கு, "விடு, போலாம்" என்றார். மேலே காரின் கதவைத் திறந்துவைத்து, சாய்ந்தபடி புல்லையும் மேகத்தையும் பார்த்தார். பகவதி அவருக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றாள். பாதைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்வரும் ஆட்கள் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"நீ நடந்துட்டு வாயேன்" என்றார் அவர்.

"வேண்டாம். கால் வலிக்கு."

"பொய் சொல்லுத."

அவள் குடையை மாற்றிப் பிடித்தாள்.

திரும்பி வரும்போது குழித்துறை தாண்டிய பிறகுதான் அவர் பேசினார். "ரசலையா, எனக்கு இந்த வளைவும் திருப்பும் சரிப்படாது. மாசத்துல ஒருநாள் என்ன முட்டத்துக்குக் கொண்டு போ. கடல் பாத்துட்டு இருந்துக்கிடுதேன்." பிறகு கழுத்தைத் திருப்ப முடிந்த மட்டும் பின் சீட்டுப் பக்கம் திருப்பினார். "மலைக்கு நீ போ. ஆனா சொல்லிட்டுப் போ. கண்ணு, மூக்குன்னு ஒண்ணும் சொல்லாத."

"செரி" என்றாள் பகவதி.

அதற்குப் பிறகு அவள் இரண்டு தடவை போய்வந்திருக்கிறாள். ஜின்சி வந்து இருப்பாள். நாகேந்திரன் காலையில் வழியனுப்புவார், சாயங்காலம் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். மலையில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்க மாட்டார். அவளும் சொல்வதில்லை. சொல்லிவிட்டுப் போனால் மனம் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கல்லாறு வரை அவர் முகம் கூடவே வருகிறது. மேலே போனதும் மறந்துபோகிறது. இறங்கும்போது, மறந்தோமே என்று மறுபடி வலிக்கிறது. ஆனாலும் அடுத்துப் போக எந்தப் புதன்கிழமை தோது என்று அவள் ரசலையனிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.